காடை முட்டைக்கு அடை: சிறுவிடையா, மீன் பெட்டியா, மிஷினா?

போன மாசியில் தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிப் பக்கம் காடை வளர்க்கிற ஒருவரிடம் 90 முட்டை வாங்கி வந்தோம். எல்லாம் ஒரே கொட்டகை, ஒரே வாரத்து முட்டை. 20 முட்டையை அத்தையின் சிறுவிடைக் கோழிக்கு வைத்தோம். 40 முட்டை நான் செய்த தெர்மாகோல் பெட்டிக்கு. மீதி 30 தேன்கனிக்கோட்டையில் இருக்கும் என் கொழுந்தனாருக்குப் போனது. அவர் புதிதாக ஆட்டோமேட்டிக் இன்குபேட்டர், அதாவது முட்டை பொரிக்கும் மிஷின், வாங்கியிருந்தார்.

கோழியிடம் 13 பொரிந்தது. பெட்டியில் 28. மிஷினில் 11.

இந்தக் கணக்கை மட்டும் பார்த்து மிஷின் மோசம் என்று முடிவு கட்டினால் தப்பு. ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்னும் இரண்டு ஈடு முட்டை வைக்க வேண்டியிருந்தது. வீட்டில் காடைக் குஞ்சு பொரிக்க ஆசைப்படும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974இல் அமெரிக்காவிலிருந்து உத்தரப் பிரதேசத்து இசத்நகர் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து நாடெங்கும் பரவிய இனம். கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாக வளர்ந்ததால் அடை உட்காரும் குணமே அதற்குப் போய்விட்டது. முட்டையை எங்கே வேண்டுமானாலும் போட்டுவிட்டு நடந்துவிடும். அதனால் வேறு ஒரு சூடு நாம்தான் தேடித் தர வேண்டும். வயலில் ஓடும் காட்டுக் காடை வேறு. அதைப் பிடிப்பதோ அதன் முட்டையை எடுப்பதோ 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கமே போக வேண்டாம்.

முட்டை வாங்கும்போது கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. கூண்டில் சேவல் இருக்கிறதா? முட்டை எத்தனை நாள் ஆனது? இரண்டு மூன்று பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால்தான் கரு நன்றாகக் கூடும். கடையில் டப்பாவில் விற்கும் முட்டை பெரும்பாலும் சேவல் இல்லாத கூண்டிலிருந்து வருவது, அதை அடைக்கு வைத்தால் கூமுட்டைதான். ஒரு வாரத்துக்கு மேல் ஆன முட்டையும் வேண்டாம். பஸ்ஸில் கொண்டுவந்தால் கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு ராத்திரி அசையாமல் வைத்துவிட்டு மறுநாள் அடைக்கு வையுங்கள்.

சிறுவிடை

பெருவிடைக் கோழி இதற்கு ஆகாது. அது உட்கார்ந்தாலே 10, 12 கிராம் முட்டை நொறுங்கும். சிறுவிடை உடம்பு சிறியது, கால் குட்டை, அடையில் பிடிவாதம் அதிகம். கோழி முட்டை என்றால் 10, 12 தாங்கும் கோழி, காடை முட்டை 20 வரை வசதியாக மூடும்.

அத்தை கூடையில் மணல் போட்டு, அதன் மேல் ராகி வைக்கோலைக் கசக்கிப் பரப்பி, ராத்திரி விளக்கில்லாமல் முட்டையை ஒவ்வொன்றாகக் கோழிக்கு அடியில் நகர்த்தினார். "பகல்ல வச்சா அது முட்டையப் பார்க்கும் கண்ணு, கொத்தும். ராத்திரி வச்சா காலைல தன்னோடதுன்னு நெனச்சிக்கும்" என்றார். அப்படித்தான் ஆனது. மூன்று முட்டை மட்டும் நகம் பட்டு உடைந்தது. அந்த மூன்றையும் உடனே எடுத்துவிட்டு, ஒழுகியது பட்ட வைக்கோலையும் மாற்றினோம். விட்டிருந்தால் நாற்றம் பிடித்து மற்றதும் கெட்டிருக்கும்.

கோழிக்கு வெப்பமானி வேண்டாம், ஸ்பாஞ்ச் வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அலகால் முட்டையைப் புரட்டுகிறது. ஒரு தடவை இறங்கி, தின்று, எச்சம் போட்டு, கால் மணி நேரத்தில் திரும்புகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் முட்டை லேசாக ஆறத்தான் செய்கிறது, கருவுக்கு ஒன்றும் ஆவதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் பேச்சு வரும்போது தேவைப்படும்.

குறை என்ன? நமக்கு வேண்டும்போது கோழி அடை உட்காராது. கோழிப் பேன் குஞ்சுக்கு ஏறும், அடை வைக்கும் முன்பே கோழியைச் சுத்தம் செய்ய வேண்டும். காடை 17, 18 நாளில் பொரியும், கோழி முட்டைக்கு 21 நாள். அதனால் இரண்டையும் கலந்து வைக்கவே கூடாது. காடைக் குஞ்சு வெளியே வந்ததும் கோழி எழுந்துவிடும், மற்ற முட்டை ஆறிப் போகும். குஞ்சைக் கோழியோடு விடுவதும் ஆபத்து. இவ்வளவு சின்னதைச் சில கோழிகள் கொத்துகின்றன, சில தெரியாமல் மிதிக்கின்றன. நாங்கள் ஈரம் காய்ந்ததுமே ஒவ்வொன்றாக எடுத்துப் புரூடரில், அதாவது குஞ்சுக்குச் சூடு தரும் பெட்டியில், விட்டோம்.

மீன் பெட்டி

மீன் கடையில் ஐஸ் போட்டு வரும் தெர்மாகோல் பெட்டியைச் சோடா உப்பு போட்டுக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டேன். உள்ளே 40 வாட்ஸ் குண்டு பல்பு இரண்டு. ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று காப்பாற்றும் என்பதற்காக இரண்டு. எல்இடி பல்பு இதற்கு உதவாது, அதில் சூடு இல்லை. பல்பைச் சுற்றிப் பால் பவுடர் டின்னை வெட்டி வைத்தேன், நேர்ச் சூடு முட்டையில் அடிக்காமல் இருக்க. பழைய கம்ப்யூட்டரின் காற்றாடி (பேன்) ஒன்று, சூட்டைப் பார்த்துப் பல்பைத் தானே அணைத்துப் போடும் ஒரு டிஜிட்டல் தெர்மோஸ்டாட், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். காற்று போக வர நான்கைந்து துளை. பேன் முன்னால் கொசுவலைத் துணி கட்டுங்கள், பொரிந்த குஞ்சு நேராக அங்கேதான் போகும்.

பேன் ஓடும் பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், பாரன்ஹீட்டில் 99.5. பேன் இல்லாத பெட்டி என்றால் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. அப்போது முட்டையின் மேல்மட்டத்தில் 38.5 வாக்கில் இருக்க வேண்டும். பேன் போடுவதே நல்லது.

ஈரப்பதம் முதல் 14 நாள் 45 முதல் 50 சதவீதம் போதும். 15ஆம் நாளிலிருந்து 65, 70. மாசி, பங்குனியில் பாலக்கோட்டுக் காற்று எவ்வளவு வறட்சி என்று சொல்லவே வேண்டாம். ஒரு கிண்ணம் தண்ணீரோடு நனைத்த ஸ்பாஞ்சும் வைக்க வேண்டியிருந்தது. மீட்டரை முழுதாக நம்பாமல் தராசையும் வைத்துக்கொண்டேன். 20 முட்டை 220 கிராம் இருந்தால், 14, 15 நாளில் 195 கிராம் பக்கம் வர வேண்டும். அதைவிட அதிகம் குறைந்திருந்தால் பெட்டி காய்கிறது, குறையவே இல்லை என்றால் ஈரம் அதிகம். சமையல் தராசு சொல்லும் இந்தக் கணக்கு எனக்கு எந்த மீட்டரையும்விட உதவியது.

புரட்டுவதுதான் வேலை. கோழி முட்டையில் பென்சிலால் குறி போடலாம், காடை முட்டையின் புள்ளிகளுக்கு நடுவே குறி தெரியாது. அதனால் கூர்முனை கீழாகக் காடை முட்டை அட்டையில் அடுக்கி, அட்டையின் ஒரு பக்கத்துக்கு அடியில் கட்டையைக் கொடுத்துச் சாய்த்தேன். காலை ஒரு பக்கம், மதியம் மறுபக்கம், ராத்திரி மறுபடியும். 15ஆம் நாள் கட்டையை எடுத்துவிட்டு, முட்டையைச் சாக்கின் மேல் படுக்கப் போட்டு மூடினேன்.

மூடிய பிறகு திறக்கக் கூடாது. முதல் தடவை பெட்டி செய்தபோது இது தெரிந்தும் நான் தப்பு செய்தேன். 17ஆம் நாள் காலை முதல் கீச்சுச் சத்தம். பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றார்கள், நானும் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். அன்றைக்கு எத்தனை தடவை மூடியைத் தூக்கினேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு தடவையும் உள்ளே இருந்த ஈரம் போனது. ஓட்டில் கீறல் விட்ட குஞ்சைச் சுற்றிச் சவ்வு காய்ந்து, காகிதம் போல ஒட்டிக்கொண்டது. 9 குஞ்சு அலகு மட்டும் வெளியே தெரிய அப்படியே செத்துப் போனது. இப்போது மூடியில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்திருக்கிறேன்.

அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். முட்டையின் பருத்த முனையில் முதலில் ஒரு புள்ளி அளவு வெடிப்பு. பல மணி நேரம் ஒன்றுமே நடக்காது, செத்துவிட்டதோ என்று வயிறு கலங்கும். பிறகு திடீரென்று குஞ்சு உள்ளுக்குள் சுழன்றுகொண்டே ஓட்டை வட்டமாக வெட்டுகிறது. தூக்குச் சட்டி மூடியைத் திறப்பது போல மேல்பாகம் அப்படியே தனியாகக் கழன்று விழுகிறது. வெளியே வருவது ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு, மஞ்சளில் கறுப்புக் கோடு, ஈர்க்குச்சிக் கால். ஐந்து நிமிடம் தள்ளாடிவிட்டுப் பக்கத்து முட்டை மேல் தலை வைத்துத் தூங்குகிறது.

கரண்ட் செலவு பெரிதில்லை. இரண்டு பல்பும் 80 வாட்ஸ், நாளில் பாதி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்டுக்குள். ஒரு ஈட்டுக்கு 18 யூனிட் வைத்துக்கொள்ளுங்கள்.

மிஷின்

ஆட்டோமேட்டிக் மிஷின் தானே புரட்டும், தானே சூடு பிடிக்கும், நாள் கணக்கும் காட்டும். காலையில் ஓசூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்பும் கொழுந்தனாருக்கு இதுதான் சரி என்று நானும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 30இல் 11தான் வந்தது.

ராயக்கோட்டை, கெலமங்கலம் வழியாகப் பஸ்ஸில் போன முட்டை கொஞ்சம் குலுங்கியிருக்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குஞ்சுகள் 16ஆம் நாள் காலையே வந்துவிட்டன. சிலவற்றுக்குத் தொப்புள் மூடவில்லை. சீக்கிரம் பொரிவது சூடு கூடியதற்கு அடையாளம், தாமதமாகப் பொரிவது சூடு போதாததற்கு. அதனால் மிஷினின் வெப்பமானி முனையைக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தோம். காய்ச்சல் மானி 100 பாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ் காட்டியபோது மிஷின் 36.7 காட்டியது. 37.5 என்று அது சொல்லிக்கொண்டிருந்த 16 நாளும் உள்ளே 38.5க்கு மேல். முட்டைகளை அவித்தே விட்டோம் என்று கொழுந்தனார் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வித்தியாசத்தை மிஷினில் திருத்திக்கொண்டு சித்திரையில் மறுபடி வைத்தார். 30க்கு 21. ஆக, மிஷின் கெட்டதில்லை, சோதிக்காமல் நம்பியதுதான் கெட்டது. இந்த வெந்நீர்ச் சோதனையை என் பெட்டிக்கு முதலிலேயே செய்திருந்தேன், அதனால்தான் மாசி ஈட்டில் பெட்டி முந்தியது. மிஷின் வாங்கும்போது இன்னொன்றும் பாருங்கள். கோழி முட்டையைப் புரட்டுவதற்கான உருளைகளில் காடை முட்டை நடுவில் விழுந்து சிக்கும். காடைக்கென்று தனித் தட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

கரண்ட் போனால்

எங்கள் ஊர்களில் தேர்வை முடிவு செய்வது இதுதான். கோழி அடையில் இருந்து இறங்கும் கால் மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் பயப்படாமல் பெட்டியைத் திறக்காமல் விட்டுவிட்டு, மேலே கம்பளியைப் போடுங்கள், காற்றுத் துளையை மட்டும் மூடாதீர்கள். பெட்டிக்குள் முன்பே இரண்டு பாட்டில் தண்ணீர் வைத்திருந்தால் அதில் நின்ற சூடு இன்னும் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் பாட்டிலில் வெந்நீர் மாற்ற வேண்டும். தெர்மாகோல் பெட்டியின் சுவர் தடிமன், இந்த விஷயத்தில் மெல்லிய பிளாஸ்டிக் மிஷினைவிட அது மேல். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் பகல் முழுக்க மின்தடை வரும், அந்தத் தேதியை முதலிலேயே தெரிந்துகொண்டு முட்டை வையுங்கள். குறைந்தபட்சம் கடைசி மூன்று நாள் அதில் மாட்டக் கூடாது. இன்வெர்ட்டர் இருந்தால் மிஷின்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

குளிரைவிடச் சூடு கொடியது. கொஞ்ச நேரம் ஆறிய கரு தப்பும், 40 டிகிரியில் சில மணி நேரம் கிடந்தது தப்பாது. சித்திரையில் தர்மபுரிப் பக்கம் சிமென்ட் ஷீட் போட்ட வீட்டில் மதியம் அறையே கொதிக்கும். தெர்மோஸ்டாட் பல்பை அணைக்கத்தான் முடியும், குளிரவைக்க முடியாது. ஓட்டு வீட்டின் நடு அறையோ, மண்சுவர் அறையோ பாருங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்துக்கு நேர் எதிர். மார்கழி ராத்திரியில் பல்பு ஓயாமல் எரியும், ஜன்னலோரம் வைக்கவே கூடாது.

யாருக்கு எது

வீட்டில் அடைக்கு உட்கார்ந்த சிறுவிடை இருந்து, 20 முட்டைக்குள் என்றால் வேறு யோசனையே வேண்டாம், கோழிக்கு வையுங்கள். 30 முதல் 60 வரை என்றால், பகலில் யாராவது வீட்டில் இருப்பீர்கள் என்றால், மீன் பெட்டி. நான் அதைத்தான் தொடர்கிறேன். வேலைக்குப் போகிறவர், மாதாமாதம் 100க்கு மேல் பொரிக்கப் போகிறவர், இன்வெர்ட்டர் வைத்திருப்பவர் மிஷின் வாங்கலாம். 500, 1000 என்று பண்ணை போடுவதாக இருந்தால் இந்த மூன்றுமே வேண்டாம், ஒரு நாள் குஞ்சாகப் பொரிப்பகத்தில் வாங்குவதே லாபம். அப்படிப்பட்டவர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் மையத்திலோ மத்திகிரி கோழியினக் கல்லூரியிலோ முதலில் விசாரித்துவிடுவது நல்லது.

எதில் பொரித்தாலும் முதல் வாரப் புரூடருக்கு 35 டிகிரி வேண்டும், அப்புறம் வாரம் 3 டிகிரியாகக் குறைத்துக்கொண்டு போகலாம். கீழே நியூஸ்பேப்பர் விரித்தால் கால் வழுக்கி விரிந்துபோகும், சாக்கு விரியுங்கள். குஞ்சுத் தீவனத்தை மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் கொடுங்கள். தண்ணீரை ஜாம் பாட்டில் மூடி அளவு தட்டில், கூழாங்கல் நிரப்பி, கல்லின் இடுக்கில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி வையுங்கள். விரல் நுனி ஆழத் தண்ணீரிலேயே இந்தக் குஞ்சு மூழ்கிவிடும்.

அத்தையின் கோழி இப்போது மறுபடி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது. நேற்று ராத்திரி 18 முட்டை வைத்தோம்.