துளசேந்திரபுரமும் ஓடிபியும்

இந்தத் தடவை ஊருக்குப் போனது அப்பா பேரில் இருக்கும் நிலத்துக்குப் பட்டா மாற்றத்தான். 3 வாரம் லீவு, அதில் முதல் வாரம் ஓடிபியிலேயே போய்விட்டது. என்னுடைய இந்திய நம்பர் எப்போதோ செத்துப்போனது, வங்கிக் கணக்கோ இன்னும் அந்த நம்பரையே பிடித்துக்கொண்டிருக்கிறது, அதை மாற்றலாம் என்று போனால் ஓடிபி சொல்லுங்கள் என்கிறார்கள். மன்னார்குடியில் டீக்கடையில்கூட க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. 500 ரூபாய்த் தாளை நீட்டினால் "சில்லறை இல்லக்கா, ஜிபே பண்ணிடுங்க" என்று பதில் வருகிறது. கடைசியில் தம்பி மகனிடம் பணத்தைக் கொடுத்து, அவன் போனிலிருந்து டீ குடித்தேன்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். எழும்பூரில் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால் விடியும்போது ஊர். 2011க்கு முன்னால் நீடாமங்கலத்தில் இறங்கி, பெட்டிகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸைத் தேடிய காலத்தை நினைத்தால் இது சொர்க்கம். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று தெரியாமல் நான் காசை நீட்ட, நடத்துநர் சிரித்துக்கொண்டே இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

பட்டாவுக்குப் போன அலுவலகத்தில் சர்வேயர் லீவாம், வியாழக்கிழமை வாங்க என்றார்கள். சரி, நடுவில் 2 நாள் சும்மா. நான் இருப்பது கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து பக்கம், அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் 1964இல் பிறந்த ஊர். அவர் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் எங்கள் மன்னார்குடியிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. ஆட்டோக்கார தம்பி போகவர 600 கேட்டார், காத்திருப்பதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லை.

சின்ன ஊர். அந்தக் குடும்பத்தில் யாரும் இப்போது அங்கே இல்லை. தாத்தா பி.வி. கோபாலன் 1911இல் பிறந்தவர், அரசு உத்தியோகத்துக்குப் போனவர், வேலை பார்த்ததெல்லாம் டெல்லி போன்ற ஊர்களில். 60களில் சாம்பியாவின் லுசாகாவுக்கு அனுப்பினார்கள், ரொடீசியாவிலிருந்து (இன்றைய ஜிம்பாப்வே) வந்த அகதிகளைக் கவனிக்கிற பொறுப்பு. ஓய்வு பெற்றதும் இந்த ஊருக்கு வரவில்லை, சென்னை பெசன்ட் நகரில் உட்கார்ந்துவிட்டார்.

அவருடைய மூத்த மகள் சியாமளா டெல்லி லேடி இர்வின் கல்லூரியில் மனையியல் படித்துவிட்டு, வீட்டில் சொல்லாமலே கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டு, 1958இல் 19 வயதில் தனியாகக் கிளம்பினார். அப்போது அமெரிக்காவில் குடியேற இந்தியர்களுக்கு இருந்த ஒதுக்கீடு வருஷத்துக்கு 100 பேர். நாங்கள் எல்லாம் எச்1பி வேலை விசா வரிசை நீளம் என்று புலம்புகிறோம்! அந்த அம்மா படிக்கப் போனார், 1963இல் ஜமைக்காக்காரரான டொனால்ட் ஹாரிஸைக் கல்யாணம் செய்துகொண்டார், 1964இல் டாக்டர் பட்டம், அதே வருஷம் கமலா, 1967இல் மாயா. பிறகு கணவரைப் பிரிந்து, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியை விடாமல், இரண்டு பெண்களையும் வளர்த்தார். 'அரசியல் குடும்பம்' என்று இன்று சொல்கிறோமே, அதற்கு மூலவர் இவர்தான் என்பது என் கட்சி. பெரியவள் மாவட்ட வழக்கறிஞர், மாநில அட்டர்னி ஜெனரல், செனட்டர் என்று ஏறி 2021இல் துணை அதிபர், சின்னவள் 2016இல் ஹிலாரி கிளின்டனுக்குக் கொள்கை ஆலோசகர், அவர் கணவர் டோனி வெஸ்ட் ஒபாமா காலத்தில் நீதித்துறையில் பெரிய பதவி. கென்னடிகளைப் போல அப்பா காசு போட்டுப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கதை இல்லை இது.

தர்மசாஸ்தா கோயில் அந்தக் குடும்பத்தின் குலதெய்வம். நன்கொடையாளர் கல்வெட்டில் கமலா பெயரும் இருக்கிறது, 5,000 ரூபாய், 2014இல் கொடுத்தது. அவருடைய சித்தி சரளா வழியாக வந்த காசு என்பார்கள். இதே சித்தியிடம் சொல்லித்தான் 2010 அட்டர்னி ஜெனரல் தேர்தலுக்கு பெசன்ட் நகர் பிள்ளையாருக்கு 108 தேங்காய் உடைக்க வைத்தார் கமலா. தாத்தாவின் பெயரும் கல்லில் உண்டு. 2020இல் கமலா துணை அதிபர் தேர்தலில் ஜெயித்ததும் வெடி வெடித்த ஊர், 2024இல் அதிபர் தேர்தலுக்குப் பூஜை போட்டுத் தோல்விச் செய்தி கேட்ட ஊர். நான் போன அன்று ஓர் ஆடும் நானும் குருக்களும்தான். "அமெரிக்காவா? கமலாவைப் பாத்திருக்கேளா?" என்று கேட்டார். இல்லை என்றதும் அவருக்கு என் மேல் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அயர்லாந்தில் கென்னடியின் கொள்ளுத்தாத்தா விட்டுப்போன பண்ணை வீட்டைக் காட்சியகமாக்கி டிக்கெட் போட்டு விற்கிறார்கள். இங்கே நான் பார்த்தவரை வழிகாட்டிப் பலகையோ கழிவறையோ கண்ணில் படவில்லை. வந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு கழிவறையாவது கட்டியிருக்கலாம், ஆனால் காட்சியகம் வேண்டாம், அதில் வைக்கவும் பெரிதாக எதுவும் இருக்காது. வெளியூர் பத்திரிகைகள் 'பூர்வீகக் கிராமம்' என்று உருகினாலும், இந்தக் குடும்பத்தின் ஊர்வாசனை இருப்பது பெசன்ட் நகரில்தான் என்று எனக்குப் படுகிறது. கமலா சின்னப் பெண்ணாகத் தாத்தாவோடும் அவருடைய ரிடையர்ட் நண்பர்களோடும் நடந்தது அந்தக் கடற்கரையில், 2009இல் அம்மா இறந்தபின் அஸ்தியைக் கொண்டுவந்து கரைத்ததும் அங்கேதான்.

வியாழக்கிழமை போனேன். சர்வேயர் வந்திருந்தார், சர்வர் வரவில்லை. பேப்பரைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுச் சென்னை வந்து, ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் காலை பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சில் நடந்தேன். தொப்பியும் கேன்வாஸ் ஷூவுமாகத் தாத்தாக்கள் கும்பலாக வந்து, பென்ஷனில் ஆரம்பித்து அரசாங்கத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னாலேயே காதைக் கொடுத்துக்கொண்டு நடக்கும்போது தம்பி கூப்பிட்டான். "அக்கா, சர்வர் வந்துருச்சு. உன் பழைய நம்பருக்கு ஓடிபி போயிருக்காம், பாத்துச் சொல்லு."