ஐந்து வருடம், ஏழு படிவம்: சமூக ஊடகத்தில் ஆய்வுக் கேள்வித்தாள் நடத்திய கதை

"இரண்டே நிமிடம்தான், இந்தப் படிவத்தை நிரப்பித் தாருங்கள்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் நான் முதன்முதலில் கேட்டது முதுகலை இறுதியாண்டில். அந்தப் படிவத்தில் 46 கேள்விகள் இருந்தன. இரண்டு நிமிடம் என்பது பச்சைப் பொய். அதன்பின் முனைவர் பட்ட ஆய்வு, நண்பர்களின் ஆய்வேடுகள் என்று ஐந்து வருடத்தில் ஏழு கேள்வித்தாள்களை இப்படி நடத்திவிட்டேன். இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் ஆய்வின் தலைப்பு, மாணவர்களின் கைபேசிப் பயன்பாடும் உறக்கமும். கூகுள் ஃபார்மில் செய்தேன். செலவில்லை, பதில்கள் தானாகவே ஷீட்டில் வந்து சேர்ந்துவிடும். மூன்றே இரவில் 300-ஐத் தாண்டியதும் தலைகால் புரியவில்லை. வாய்மொழித் தேர்வுக்கு வந்திருந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "போனும் கையுமாக இருப்பவர்கள் உங்கள் லிங்கைப் பார்த்திருப்பார்கள். போனை ஓரமாக வைத்துவிட்டு ஒன்பது மணிக்கே படுத்தவர் இதில் எங்கே இருக்கிறார்?"

என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு ஷீட்டைத் திறந்து, பதில் அனுப்பிய நேரம் இருக்கும் பத்தியை வரிசைப்படுத்திப் பார்த்தேன். பாதிக்கு மேல் இரவு 11 மணிக்குப் பிறகு வந்தவை. எதை அளக்கப் போனேனோ, அதுவே யார் பதில் சொல்வது என்பதையும் முடிவு செய்திருக்கிறது. இந்த முறையில் நான் கண்ட பெரிய ஓட்டை இதுதான். மற்றதெல்லாம் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கக் கூடியவை.

"எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகிவிடும்" என்று நண்பர்கள் தேற்றினார்கள். ஆகாது. அமெரிக்காவில் ஃபேஸ்புக் பயனர்களிடம் வாரத்துக்குச் சுமார் 2,50,000 பதில்கள் வாங்கிய ஒரு கருத்தாய்வு, 2021 மே மாதத்தில் கொரோனா தடுப்பூசியின் முதல் தவணை போட்டுக்கொண்டவர்களின் விகிதத்தை உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் கூட்டிக் காட்டியது. அதே ஆண்டு டிசம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரை இதை விலாவாரியாகப் பிரித்துப் போட்டது. சுமார் ஆயிரம் பேரை மட்டுமே கேட்ட இன்னொரு ஆய்வு, ஆட்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்ததால், உண்மைக்கு எவ்வளவோ பக்கத்தில் வந்தது.

இந்த இடத்தில் 384 என்ற எண்ணைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆய்வேடு எழுதும் எல்லோரும் அதன் பின்னால் ஓடுகிறோம். கிரெஜ்சி, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-ல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருகிற எண் அது. பெரிய மக்கள்தொகைக்கு, 95 சதவீத நம்பகத்தில், 5 சதவீதப் பிழை வரம்போடு (கிடைத்த விடை உண்மையிலிருந்து மேலோ கீழோ அவ்வளவு விலகலாம்) எத்தனை பேர் தேவை என்று சொல்கிறது. ஆனால் அந்தக் கணக்கு முழுக்க, ஆட்களைச் சீட்டுக் குலுக்கியதுபோலத் தேர்ந்தெடுத்திருக்கிறோம் என்ற அடிப்படையில் நிற்கிறது. குழுவில் லிங்கைப் போட்டுவிட்டு, வந்தவரையில் லாபம் என்று உட்கார்ந்திருப்பவருக்கு 384 வந்தாலும் 3,840 வந்தாலும் அந்தப் பிழை வரம்பைச் சொல்லிக்கொள்ள உரிமை இல்லை. "384 வந்துடுச்சா?" என்று கேட்கிற நெறியாளரிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு மூன்றாவது ஆய்வில்தான் வந்தது.

சரி, பதில்கள் உண்மையில் எங்கிருந்து வருகின்றன? இதைத் தெரிந்துகொள்ள நான்காவது படிவத்தில் ஒரு வேலை செய்தேன். "இந்த இணைப்பு உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று ஒரு கேள்வி வைத்து, முன்கூட்டியே விடை நிரப்பிய இணைப்பை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியாக உருவாக்கி அனுப்பினேன். அந்த வசதி கூகுள் ஃபார்மிலேயே இருக்கிறது, பலருக்குத் தெரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் ஃபேஸ்புக் குழுவிலிருந்து வந்தவை கைவிரலில் எண்ணக்கூடிய அளவு. ஸ்டேட்டஸில் வைத்ததைப் பலர் பார்த்தார்கள், சிலர்தான் நிரப்பினார்கள், 24 மணி நேரத்தில் அது காணாமலும் போனது. அள்ளித் தந்தது தனித்தனியாகப் பெயர் சொல்லி அனுப்பிய செய்திகள்தான். "எல்லோருக்கும் ஃபார்வர்ட் பண்ணுங்க" என்ற வேண்டுகோளும் பெரும்பாலும் வீண். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்குத்தான் அனுப்ப முடியும். பலமுறை கைமாறியது என்ற இரட்டை அம்புக்குறி விழுந்துவிட்டால் ஒன்றுக்குத்தான். அந்தக் குறியைப் பார்த்ததுமே ஏதோ மோசடி லிங்க் என்று ஒதுங்கிவிடுகிறவர்களும் உண்டு. அப்புறம், "நிரப்பிட்டேன்" என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறவர்கள். செய்தி வரும், ஷீட்டில் வரிசை கூடாது. யாரையும் குறை சொல்லவில்லை, நானும் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

"நீ என் படிவத்தை நிரப்பு, நான் உன்னுடையதை நிரப்புகிறேன்" என்று மாற்றிக்கொள்ளும் மாணவர் குழுக்களில் மட்டும் இறங்காதீர்கள். எண்ணிக்கை கிடைக்கும், பதில் கிடைக்காது. முதல் கேள்வியிலிருந்து கடைசி வரை, 1 முதல் 5 வரையான விடைகளில் நடுவில் இருக்கும் 3-ஐயே ஒரு கோடுபோலத் தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எத்தனை நொடியில் முடித்தார்கள் என்பதும் தெரியாது, அனுப்பிய நேரம் மட்டுமே பதிவாகும். அதனால் நடுவே "கவனமாகப் படிக்கிறீர்களா என்று பார்க்கவே இந்த வரி, இதற்கு 'முற்றிலும் உடன்படவில்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள்" என்று ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். அதில் மாட்டியவர்களை எத்தனை பேர் என்று குறித்துவிட்டு நீக்குகிறேன்.

பரிசு அறிவிப்பது அதைவிட மோசம். ஐந்தாவது ஆய்வில் குலுக்கல் பரிசு என்று போட்டேன். ஒரே இரவில் பதில்கள் கொட்டின. சொந்த வார்த்தையில் எழுத வேண்டிய திறந்தநிலைக் கேள்விக்கு ஒரே வாக்கியம், எழுத்துப்பிழை மாறாமல், பத்துப் பன்னிரண்டு பேரிடமிருந்து. ஒருவருக்கு ஒரு பதில் என்று கட்டுப்படுத்தலாம், ஆனால் அதற்குக் கூகுள் கணக்கில் நுழைய வேண்டும். மின்னஞ்சலைச் சேகரிக்கும் அமைப்பை இயக்காதவரை யாருடைய முகவரியும் எனக்குத் தெரியாது என்று விளக்கினாலும், 'உள்நுழைக' என்றதும் பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். நான் பரிசை விட்டேன், கட்டுப்பாட்டையும் விட்டேன்.

கேள்வி எழுதும் விஷயத்தில் பட்டதைத் தனியாகவே எழுதலாம். 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் உடன்படவில்லை' வரை போகும், லைக்கர்ட் 1932-ல் கொடுத்த அளவுகோலைக் கட்டம்கட்டமாக அட்டவணையில் போட்டால் கணினியில் அழகாக இருக்கும். கைபேசியிலோ வலப்பக்கக் கட்டங்கள் திரைக்கு வெளியே போய்விடும், தள்ளிப் பார்க்கப் பலருக்குத் தோன்றாது. இப்போது ஒவ்வொன்றையும் தனிக் கேள்வியாகவே வைக்கிறேன். தமிழில் எதிர்மறை வாக்கியம் வைப்பது இன்னொரு பொறி. "இரவில் எனக்குக் கவனம் சிதறுவதில்லை" என்பதற்கு "உடன்படவில்லை" என்றால், சிதறுகிறதா இல்லையா? எழுதிய நானே நின்று யோசித்தேன். படிவத்தை வெளியிட்ட பிறகு 'இளங்கலை' என்ற விடையை 'இளநிலை' என்று திருத்தியது என் அசட்டுத்தனம். ஷீட்டில் இரண்டும் இரு வேறு படிப்புகளாக நின்றன. வயதை எண்ணாக மட்டும் ஏற்கும்படி வைக்காததால் "21 வயசு", "இருபத்தொன்று" என்றெல்லாம் வந்தது.

ஒரு பெரிய தவறையும் ஒப்புக்கொள்கிறேன். பதில்களின் சுருக்கத்தைப் பங்கேற்பாளர்கள் பார்க்கலாம் என்ற அமைப்பை ஒருமுறை அணைக்க மறந்தேன். மற்றவர்கள் மனம்விட்டு எழுதியவை, பெயர் இல்லாவிட்டாலும், எல்லோர் கண்ணிலும் பட்டன. ஒரு மாணவி செய்தி அனுப்பித்தான் எனக்கே தெரிந்தது. அன்றிலிருந்து ஒப்புதல் பக்கத்தை எழுதிய கையோடு, வேறொரு கைபேசியிலிருந்து நானே நிரப்பிப் பார்க்காமல் எதையும் அனுப்புவதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு இதை நான் விடவில்லை. கேள்விகளை முன்னோட்டம் பார்க்க, சிதறிக் கிடக்கும் ஆட்களைப் பிடிக்க (இரவு வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல்வழியில் படிப்பவர்களை வேறெங்கே தேடுவது?), ஒரு குழுவுக்குள் இரண்டு விஷயங்கள் எப்படிச் சேர்ந்து நகர்கின்றன என்று முதல் பார்வை பார்க்க, இது போதும். "மாணவர்களில் இத்தனை சதவீதம்" என்று எழுத மட்டும் போதாது. ஆறாவது ஆய்வில் பாதிக் கேள்வித்தாள்களை அச்சடித்து வகுப்பறைகளுக்கு எடுத்துப் போனேன். உறங்கும் நேரம் பற்றிய கேள்வியில் இணையத்தில் வந்த கட்டும் காகிதக் கட்டும் ஒன்றுபோல் இல்லை. வாய்மொழித் தேர்வில் கேட்ட அந்த ஒன்பது மணிக்காரர் காகிதக் கட்டில்தான் இருந்தார். முறையியல் அத்தியாயத்தில் 'வசதி மாதிரி', அதாவது எளிதில் கிடைத்தவர்களைக் கேட்டது, என்று கூச்சமில்லாமல் எழுதுகிறேன். இணையக் கருத்தாய்வுகளில் எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று ஐசன்பாக் 2004-ல் வெளியிட்ட செர்ரீஸ் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்க்கிறேன்.

இன்னொன்று, வேலை முடிந்ததும் படிவத்தை மூடிவிடுங்கள். என் முதல் படிவத்தை நான் மூடவில்லை. பட்டம் வாங்கி இரண்டு வருடம் கழித்து அதற்கு ஒரு பதில் வந்து விழுந்தது. 46 கேள்விகளுக்கும் பொறுமையாக விடை, திறந்தநிலைக் கேள்விக்கு ஒரு முழுப் பத்தி. அனுப்பிய நேரம் அதிகாலை 2.40.