வெள்ளவத்தை – மாலபே, பஸ்ஸில் ஆறு மாதம்: ஐந்துக்கு இரண்டரை

கொத்து ரொட்டியில் உப்பு கொஞ்சம் கூடினால் நான்கு பந்தி எழுதிப் போடுகிற நாங்கள், ஒரு நாளைக்கு மூன்று மணித்தியாலம் இருந்தும் நின்றும் தொங்கியும் பாவிக்கிற பஸ்ஸைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. எழுதினாலும் கொண்டக்டருக்கு இரண்டு திட்டு, டிரைவருக்கு ஒரு சாபம், அவ்வளவுதான். நான் மோட்டார் சைக்கிளை விற்று ஆறு மாதமாகிறது (முதுகு வலிதான் காரணம், சுற்றாடல் பற்றெல்லாம் இல்லை). வீடு கொழும்பில் வெள்ளவத்தை, வேலை நகருக்குக் கிழக்கே மாலபே. புள்ளியைத் தலைப்பிலேயே போட்டுவிட்டேன், ஏன் இரண்டரை என்பதுதான் கதை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பகலில் காலி வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. பாணந்துறையிலிருந்து 100, மொறட்டுவையிலிருந்து 101 என்று நகரின் பிரதான பஸ் நிலையம் இருக்கிற புறக்கோட்டைக்கு ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். கையைக் காட்டினால் ஹோல்ட் (பஸ் தரிப்பிடம்) இல்லாத இடத்திலும் நிற்கும். அது நல்லதா கெட்டதா என்பது அந்த நேரம் நீங்கள் பஸ்ஸுக்கு உள்ளே இருக்கிறீர்களா வெளியே நிற்கிறீர்களா என்பதைப் பொறுத்தது. காசும் பெரிதில்லை. 2022 ஜூலையில் ஆகக் குறைந்த கட்டணம் 40 ரூபாய்க்கு ஏறியபோது எல்லோரும் வாயைப் பிளந்தோம், பிறகு டீசல் விலை இறங்க அதுவும் இறங்கியது. வெள்ளவத்தையிலிருந்து மாலபேக்கு ஓட்டோவில் ஒரு தரம் போகிற காசுக்கு பஸ்ஸில் கிட்டத்தட்ட ஒரு கிழமை போய்வரலாம். அந்த வருடம் பெற்றோலுக்குக் கிலோமீட்டர்க் கணக்கில் வரிசையில் வாகனங்கள் நின்றபோது, வேலைக்குப் போன சனத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தவை மிதிபலகை வரை ஆள் தொங்கிய இந்த பஸ்களும் கோச்சிகளும் (ரயில்கள்)தான், அதை மறக்கக் கூடாது.

இனிக் குறை.

ஒரு நாள் அம்மாவைப் பல் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் இலக்கத்தை எழுதவில்லை. எழுதினால் அந்த ஒன்றுதான் மோசம், மற்றதெல்லாம் சரி என்று நினைப்பீர்கள். முதல் படி அம்மாவின் முழங்காலுக்கு நேரே இருந்தது. ஒரு கை கம்பியில், மற்றக் கை என் தோளில், சேலைக் கரை செருப்பில் மாட்டாமல் நான் குனிந்து பிடித்துக்கொள்ள, அப்படித்தான் ஏறினா. எங்கள் ஊர் பஸ்களில் முக்கால்வாசி லொறி மாதிரி உயர்ந்த செசியில் (அடிச்சட்டத்தில்) மேல்கூடு கட்டியவை, ஏற்றுவது சாமானா சனமா என்று அதற்குத் தெரியாது. உள்ளே போனால் “பஸ்ஸட்ட யன்ன, பஸ்ஸட்ட யன்ன” என்று கொண்டக்டரின் சிங்களச் சத்தம். (யாழ்ப்பாணத்திலிருந்து முதல் தரம் வந்த என் மச்சான் இதைக் கேட்டுவிட்டு, “பஸ்ஸுக்குள்ளதானே நிக்கிறன், இன்னும் எந்த பஸ்ஸுக்குப் போகச் சொல்றான்?” என்று கேட்டது எங்கள் வீட்டில் இன்னும் பகிடி. பின்னுக்குப் போகச் சொல்கிறார் என்று விளங்கவைத்தேன்.)

இறங்கும்போதுதான் வினை. டிரைவர் முழுதாக நிறுத்தவில்லை, உருளவிட்டார். அம்மா கடைசிப் படியில், ஒரு கால் காற்றில். “அம்மே, இக்மனட்ட பஹின்ன” (அம்மா, கெதியா இறங்குங்கோ) என்று கொண்டக்டர் அவசரப்படுத்துகிறார், கண் முழுக்கப் பின்னால் வரும் அதே இலக்க பஸ்ஸில். நான் கீழே நின்று அம்மாவை ஏந்தாத குறையாக இறக்கினேன். ஒரு செருப்பு படியிலேயே தங்கிவிட்டது, அதைக் கொண்டக்டர் காலால் தள்ளாமல் கையால் எடுத்து வீதியோரம் எறிந்துவிட்டு, பஸ்ஸின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார், பஸ் போய்விட்டது. “பிறகு தாறன்” என்ற நூறு ரூபாய் மிச்சமும் அத்தோடு போய்விட்டது. நான் கொதித்துக்கொண்டு நிற்க அம்மா சொன்னது: “அந்தப் பிள்ளை செருப்பையாவது தந்ததே.”

அன்று இருந்த கோபத்தில் எழுதியிருந்தால் அரைப் புள்ளிதான் கொடுத்திருப்பேன். மீதி இரண்டும் வந்தது வேறொரு பின்னேரம், வேறொரு பஸ்ஸில். மழை, ஆள் குறைவு, முன் சீட்டில் இருந்தேன். வயதான கொண்டக்டர், தாள்களை நீளவாக்கில் மடித்து விரலிடுக்குகளில் செருகியிருந்தார், இருபது ஒரு இடுக்கில், ஐம்பது ஒரு இடுக்கில், நூறு ஒரு இடுக்கில். ஏன் இப்படிப் போட்டி போட்டு ஓடுகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். “தம்பி, ராவைக்கு முதலாளிக்கு ஒரு கணக்குக் குடுக்கணும். டீசலும் நாங்கதான். மிச்சம் இருந்தாத்தான் எனக்கும் டிரைவருக்கும். பின்னால வர்றவன் முந்தினா, அடுத்த ஹோல்ட்டுல நிக்கிற ஆளெல்லாம் அவனுக்கு.”

முழு நோயும் இதற்குள் இருக்கிறது. ஒரு ஹோல்ட்டில் பத்து நிமிடம் அசையாமல் நிற்பதும், பிறகு திடீரென்று பேய் பிடித்தது போல் பறப்பதும் எங்களுக்கு இரண்டு குற்றமாகத் தெரிகிறது, அவர்களுக்கு அது ஒரே கணக்கு: ஆள் சேரும் வரை நில், பின்னால் வருகிறவன் தெரிந்தால் ஓடு. நேரத்துக்கு வந்ததற்காக அந்த பஸ்ஸுக்கு யாரும் ஒரு சதம் கொடுப்பதில்லை. தலைக்குத்தான் காசு. அப்படியிருக்க கொண்டக்டர்களுக்கு மரியாதை பழக்குகிறோம், சீருடை கொடுக்கிறோம் என்று அவ்வப்போது வருகிற அறிவிப்புகளை வாசிக்கும்போது எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

இது எப்படி வந்தது என்பதையும் சுருக்கமாகச் சொல்லலாம். 1958 ஜனவரி 1 அன்று தனியார் பஸ் கம்பனிகள் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை வந்தது. 70களின் முடிவில் கதவைத் திரும்பத் திறந்துவிட்டார்கள், ஆனால் இந்த முறை பெரிய கம்பனிகளுக்குப் பதிலாக ஒருவருக்கு ஒரு பஸ், மிஞ்சினால் இரண்டு மூன்று. ஒரே வீதியில் அத்தனை சின்ன முதலாளிகள், அத்தனை பேரும் ஒரே பயணிக்குக் கைநீட்டினால் ரேஸ் தானாக வரும். சிங்கப்பூர் 2016 இல் என்ன செய்தது என்றால், பயணிக் கட்டணத்தை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டு, பஸ் ஓட்டும் கம்பனிகளுக்கு ஒப்பந்தப்படி சேவைக்குக் காசு கொடுக்கத் தொடங்கியது. பஸ் வெறுமையாக ஓடினாலும் நேரத்துக்கு ஓடினால் காசு. இங்கே அதைச் செய்வதானால் முதலில் நூற்றுக்கணக்கான சின்ன முதலாளிகளை வழித்தடத்துக்கு ஒரு கம்பனியாகச் சேர்க்க வேண்டும், கணக்கை வெளிப்படையாக்க வேண்டும், டிரைவருக்கு மாதச் சம்பளம் வேண்டும். பத்து வருட வேலை. நாடா வெட்ட ஒன்றும் இல்லாத வேலை, அதனால்தான் யாருக்கும் அதில் ருசியில்லை.

நாடா வெட்டக்கூடியதையே நாங்கள் கைவிட்டோம் என்பது வேறு கதை. கொள்ளுப்பிட்டியில் 177 ஏறி ராஜகிரிய, பத்தரமுல்லை தாண்டி மாலபேக்குப் போகும்போது ஒவ்வொரு நாளும் நான் அதை நினைக்கிறேன். இதே பாதையில்தான் இலகு ரயில் வந்திருக்க வேண்டும். மாலபேயிலிருந்து கொழும்புக் கோட்டை வரை 15.7 கிலோமீட்டர், 16 நிலையங்கள், வீதிக்கு மேலே தூணில். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்காவின் கடன், வட்டி 0.1 சதவீதம், 40 வருடத் தவணை. ஆளை அடிக்கிற வட்டியில் வீட்டுக் கடன் எடுத்த எனக்கு அந்த எண்ணைப் பார்க்கவே பொறாமையாக இருக்கும். 2020 செப்டெம்பரில், ஆட்சி மாறிய பிறகு, செலவு கூடிய பொருத்தமில்லாத திட்டம் என்று ஒரு கடிதத்தோடு நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்தில் வேறு என்ன வந்தது என்று கேட்டால் விடை என் முன்னால் ராஜகிரியவில் நிற்கிற வாகன வரிசை.

செலவு கூடியது என்பதில் உண்மை இல்லாமலில்லை. தூண் மேல் போகிற ரயில் மலிவான சாமான் இல்லை, அதே காசுக்கு எத்தனை பஸ் வாங்கலாம் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த பஸ்களையும் வாங்கவில்லையே. ரயில் வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதே வீதியில் பஸ்ஸுக்கென்று ஒரு தனி ஓடுபாதையாவது கொடுத்திருக்கலாம். பஸ் முன்னுரிமைப் பாதை என்று 2017 இல் ராஜகிரியப் பக்கம் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள், பிறகு 2020 இல் திரும்பத் தொடங்கினார்கள். பொலிஸ் நிற்கும் வரை பாதை இருக்கும். அதற்குள் 2018 ஜனவரியில் ராஜகிரிய மேம்பாலம் திறந்தாயிற்று. முதல் சில மாதம் சுகம், பிறகு நெரிசல் அடுத்த சந்திக்கு இடம்பெயர்ந்தது.

கொழும்புக்கு இது புதுப் பழக்கமும் இல்லை. 1899 இலிருந்து இங்கே மின்சார ட்ராம் ஓடியது, ஒரு பாதை பொரளைக்கு, இன்னொன்று கிராண்ட்பாஸுக்கு. 1960 இல் நிறுத்தினார்கள். அதற்குப் பதிலாக என்று 1953 இல் கொண்டுவந்த ட்ரொலி பஸ்ஸும் 1964 இல் போய்விட்டது. மின்சாரத்தில் ஓடிய இரண்டையும் இல்லாமலாக்கிவிட்டு இன்று மின்சார பஸ் வாங்குவதா வேண்டாமா என்று கூட்டம் போடுகிறோம். (வாங்கினால் நல்லது. ஆனால் இரவில் சார்ஜ் ஏற்றினால் நுரைச்சோலை மின் நிலையத்தின் நிலக்கரிப் புகைக்கும் அதில் பங்கு உண்டு, பகலில் சூரிய மின்சாரம் கூடிக் கிடக்கிற நேரத்தில் ஏற்ற வழி பார்க்க வேண்டும்.)

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட பிறகு வீதியில் புது நம்பர் பிளேட்டுகள் கூடுவது கண்ணுக்கே தெரிகிறது. ஐந்து வருடம் வாகனம் வராமல் இருந்த அந்தக் காலம்தான் பஸ்ஸைத் திருத்தக் கிடைத்த நேரம். அந்த நேரத்தில் எங்களிடம் காசு இல்லை, எரிபொருளும் இல்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு எரிச்சல், வழித்தடங்கள் போகிற விதம். கொழும்பு பஸ் வரைபடம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி, எல்லாம் புறக்கோட்டையில் போய்க் குத்தும். நான் கிழக்கே போக வேண்டியவன், ஆனால் முதலில் வடக்கே போய்த்தான் கிழக்கே திரும்ப வேண்டும். குறுக்கே போகிற பஸ்கள் இருக்கின்றன, 141 வெள்ளவத்தையிலிருந்து நாரஹேன்பிட்டிக்குப் போகும், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது டிக்கெட், திரும்பவும் முதலிலிருந்து கட்டணம். கோச்சி ஒரு டிக்கெட், பஸ் ஒரு டிக்கெட், அடுத்த பஸ் இன்னொன்று. 2025 நவம்பரில் வங்கி அட்டையால் பஸ் கட்டணம் செலுத்தும் முறையைத் தொடங்கிவைத்தார்கள், மிச்சக்காசுச் சண்டைக்கு அது மருந்தாகலாம். ஒரே அட்டையில் கோச்சியிலிருந்து பஸ்ஸுக்கு மாறினால் கட்டணம் தொடரும் என்று வரும் நாளில் நான் இன்னொரு அரைப் புள்ளி போடுவேன். 2025 வரவு செலவுத் திட்டத்தில் கொழும்பின் மூன்று பிரதான வழித்தடங்களுக்கு 100 புது பஸ்கள் என்றும் இருந்தது. தாழ்தளமாக இருந்தால் அம்மாவோடு முதல் ஆளாக ஏறுவேன்.

கோச்சியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். வெள்ளவத்தையிலிருந்து கொள்ளுப்பிட்டிக்கு இடையில் பம்பலப்பிட்டி மட்டும்தான், பஸ்ஸில் முக்கால் மணித்தியாலம் பிடிக்கிற நாளிலும் கோச்சிக்குப் பத்து நிமிடம் போதும். தண்டவாளத்தில் யாரும் முந்திக்கொண்டு வரமாட்டார்கள் என்பதுதான் அதன் இரகசியம். காலையில் நெரிசல் உண்டு, வாசலில் தொங்குவார்கள், இன்னும் டீசலில்தான் ஓடுகிறது. கரையோரப் பாதையை மின்மயமாக்கும் பேச்சு நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே கேட்கிறது.

இந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொஞ்சம் கைமருந்து. காலையில் காலி வீதி பஸ்ஸை விட்டுவிட்டு கொள்ளுப்பிட்டி வரை கோச்சியில் போங்கள், அங்கிருந்து 177 தொடங்கும் இடம் நடக்கும் தூரம்தான், தொடக்கத்திலேயே ஏறினால் சீட் கிடைக்கும். இருபது ரூபாய்த் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், நூறைக் கொடுத்தால் டிக்கெட்டில் மிச்சத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் எழுதுவார்கள். வயதானவர்களோடு இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கி வாசலில் நில்லுங்கள், ஆள் நின்றால் டிரைவர் நகர்த்தமாட்டார். பின்னேரம் திரும்பும்போது கோச்சியில் வலப்பக்கம் கடல்.