மருந்தடிக்காத தோட்டப் பராமரிப்பு: பண்டாரவளையில் ஒரு நல்ல சேவை

பண்டாரவளையைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் வந்து, களைகொல்லியோ பூச்சிமருந்தோ தெளிக்காமல் முற்றத்தையும் சரிவையும் பராமரித்துத் தரும் இச்சிறு குழுவினரின் சேவையைக் கடந்த ஆண்டு முதல் பெற்று வருகிறோம். இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்ட கிளைபோசேட் என்னும் களைகொல்லி 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் அனுமதிக்கப்பட்டு, 2022இல் அத்தடை முற்றாக நீங்கிவிட்டது. கேட்டவுடன் மருந்தடித்துக் கொடுப்பவர்கள் தாராளமாகக் கிடைக்கும் இக்காலத்தில் கையால் களை பிடுங்க ஆட்கள் கிடைப்பதே பெரிய விடயம்.

இவர்கள் புல்லைத் தரையோடு ஒட்ட வெட்டுவதில்லை. மூன்று அங்குலம் விட்டு வெட்டி, வெட்டிய புல்லை அங்கேயே பரப்பிவிடுகிறார்கள். சரிவில் களையைச் சுரண்டியால் சுரண்டி எடுப்பதும் இல்லை. ஒக்டோபரில் மழை பிடித்தால், சுரண்டிய இடத்து மேல்மண் முழுவதும் வடிகானில்தான் போய்ச் சேரும் என்பதைத் தோட்டப்புறத்தில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. விதை கட்டும் நிலையிலுள்ள களைகளை மட்டும் பிடுங்கி, தும்பையைப் பூக்க விட்டுவிடுகிறார்கள்.

நான் மிகவும் மதிப்பது, வெயில்படும் கீழ்க்கரையில் மூடாக்கு இடாமல், கொத்தாமல் அவர்கள் விட்டுவைத்த சிறு துண்டு நிலத்தைத்தான். உலகின் தேனீ இனங்களில் ஏறத்தாழ 70 சதவீதமானவை மண்ணுக்குள்ளேயே கூடு அமைக்கின்றன. இப்போது அந்த இடத்தில் பென்சில் பருமனான துளைகள் தெரிகின்றன. வயிற்றில் நீல வளையங்கள் கொண்ட தேனீக்கள் காலை வெயிலில் தக்காளிப் பூவைப் பற்றித் தொங்கி, உடலை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்ப்பதை அருகில் நின்றே பார்க்கலாம். பெட்டியில் வளர்க்கும் தேனீக்களால் அப்படி அதிரவைத்து மகரந்தம் எடுக்க முடியாது. எலுமிச்சைத் தளிரில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுக்களையும் இவர்கள் நசுக்குவதில்லை. அவை வண்ணத்துப்பூச்சிகளாக வேண்டியவை என்று வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொறுமையாகக் காட்டிக்கொடுக்கிறார்கள்.

குறைகளும் உண்டு. வண்ணத்துப்பூச்சிகள் வரும் என்று சொல்லித் தமது நாற்றுத் தவறணையிலிருந்து உண்ணிச்செடியைக் கொண்டுவந்தார்கள். பூவில் தேன் இருப்பது உண்மையே. ஆனால் பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் காட்டோரமெங்கும் பரப்ப, உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளும் இந்த அந்நியச் செடியை, இயற்கையைக் காப்பதாகச் சொல்லும் குழுவினர் விற்கவே கூடாது. நாங்கள் மறுத்த பிறகு, இம்மலைகளில் தானாக வளரும் போவிட்டியாவை நட்டுத் தந்தார்கள், கறிவேப்பிலையும் வைத்தார்கள். மழைக் காலத்தில் சொன்ன நாளில் வராமல், தொலைபேசியிலும் அறிவிக்காமல் விடுவது இன்னொரு குறை. கட்டணமும் மெசினோடு வரும் சாதாரண கூலியாளைவிடக் கூடுதலாகும்.

முற்றம் விரிப்பைப் போல வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்று விரும்புவோருக்கு இச்சேவை பொருந்தாது. மற்றவர்கள் தாராளமாக அழைக்கலாம். என்னென்ன கன்றுகளை நடப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு, ஒக்டோபர் மழைக்கு முன்னரே முதல் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.