போனனா, கான்செலாராவா?

கல் பாவிய சாலைகளில் நடக்கும் சைக்கிள் பந்தயங்களில் யார் பெரியவர்? எண்ணிக்கையில் பெல்ஜியத்தின் டாம் போனன்தான்: பிரான்ஸின் பாரிஸ்-ரூபே பந்தயத்தில் 4 வெற்றி, பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பந்தயத்தில் 3. சுவிஸ் வீரர் ஃபேபியன் கான்செலாராவுக்கு இரண்டிலும் மும்மூன்று.

போனனிடம் ஸ்பிரின்ட், அதாவது கடைசி நேர அதிவேகப் பாய்ச்சல், இருந்தது. 2008 ரூபேயில் கான்செலாராவையும் இத்தாலிய வீரர் பல்லானையும் கடைசிவரை கூடவே வரவிட்டு, பந்தயம் முடியும் மைதானத்தில் இருவரையும் முந்தினார். கான்செலாராவுக்கு அந்த வசதி குறைவு. முன்கூட்டியே எல்லோரையும் கழற்றிவிட்டாக வேண்டும். தனியாளாகக் கடிகாரத்தோடு மோதும் டைம் டிரையலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற கால்கள் அல்லவா! 2010 ஃபிளாண்டர்ஸில், கெரார்ட்ஸ்பெர்கனின் செங்குத்தான ஏற்றத்தில் சீட்டை விட்டு எழாமலே போனனைப் பின்தள்ளினார். அப்படியொரு பலத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

சரி, 2012? போனன் ரூபேயில் 50 கிலோமீட்டருக்கு மேல் தனியாகவே ஓட்டி வென்றார். மகத்தான வெற்றி. ஆனால் அதற்கு முன் நடந்த ஃபிளாண்டர்ஸில் விழுந்து காறை எலும்பு முறிந்த கான்செலாரா அன்று களத்திலேயே இல்லை. என் ஓட்டு கான்செலாராவுக்கே.