‘கழற்றவே வேண்டாம், ஸ்டீம் டிரைகிளீன்’ என்று வருபவர்களிடம் கர்ட்டனைக் கொடுக்கும் முன்

தீபாவளி, பொங்கல் நெருங்கினால் புதுச்சேரியிலும் கடலூரிலும் வாசலில் நோட்டீஸ் விழத் தொடங்கிவிடும். தொங்கியபடியே ஸ்டீம் டிரைகிளீன், சதுர அடிக் கணக்கு, ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்பார்கள். இலாசுப்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படிச் செய்துவிட்டுப் போன வேலை இது. ஹாலில் தொங்கியபடியே கழுவிய நாலு லினன் கர்ட்டனிலும் கீழ் மடிப்புக்கு மேலே டீக்கறை நிறத்தில் ஒரு கோடு. ‘கடையில் போட்டுத் தருகிறோம்’ என்று எடுத்துப்போன காட்டன் கர்ட்டன் இரண்டும் தரையிலிருந்து மூன்று அங்குலம் மேலே நிற்கின்றன. கூடவே போன, வெளிச்சத்தைத் தடுக்கும் பிளாக்-அவுட் கர்ட்டன் இரண்டும் பின்பூச்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் தோல் உரிகிற மாதிரி வருகின்றன. போன் போட்டுக் கேட்டால், "துணி அப்படி சார், நாங்க என்ன பண்றது?" பில்லில் இருப்பதோ ‘கர்ட்டன் – 8’ என்ற ஒற்றை வரி.

மூன்றும் வேறு வேறு தவறுகள்.

அந்தக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொண்டுவந்தது சோபா, கார்பெட் கழுவும் மெஷின். சோப்புத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, அதே முனையால் திரும்ப உறிஞ்சும். டிரைகிளீன் என்றால் தண்ணீருக்குப் பதில் ரசாயனக் கரைப்பானில் அழுக்கு எடுப்பது. தொட்டியில் தண்ணீர் இருந்தால் அதற்கு டிரைகிளீன் என்று பெயரே கிடையாது. சோபாவில் முனையை அழுத்தி இழுக்கலாம், பின்னால் ஸ்பாஞ்ச் தாங்கும். தொங்கும் துணிக்குப் பின்னால் வெறும் காற்று. உறிஞ்சும் வாய் படியாது, தண்ணீரில் பெரும்பங்கு துணியிலேயே தங்கிவிடும். அது அழுக்கையும் சோப்பையும் சேர்த்துக்கொண்டு கீழே இறங்கி, இரட்டையாக மடித்துத் தைத்த ஓரத்தில் போய் நிற்கும். எல்லா இடமும் காய்ந்த பிறகு கடைசியாகக் காய்வது அந்த இடம்தான், அதனால் மொத்த அழுக்கும் அங்கேதான் படியும். ஐப்பசி மழையில், கடற்கரை ஈரத்தில் இது இன்னும் மோசம். போதாக்குறைக்கு முதலில் தூசி எடுக்கவே இல்லை. வாக்கம் கிளீனரில் மென்மையான பிரஷ் முனை மாட்டி, மேலிருந்து கீழாக, துணியின் இரண்டு பக்கமும் உறிஞ்சிய பிறகே ஈரம் படவேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீம் பட்டதும் தூசி சேறாகி நெசவுக்குள் இறங்கிவிடும். ஸ்டீமரின் வேலை சுருக்கம் எடுப்பது, அழுக்கு எடுப்பதல்ல.

மாட்டிய இடத்திலேயே கரைப்பான் தெளித்துச் செய்யும் முறையும் உண்டுதான். அதற்கென்று செய்த மெஷினும் கதவு ஜன்னல் திறந்த காற்றோட்டமும் வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் சாதாரண வெட் வாக்கத்தில் பெட்ரோலிய கரைப்பானை ஊற்றி இழுக்க வந்தால் உடனே நிறுத்துங்கள். மோட்டார் பொறி ஒன்று போதும், ஆவி பற்றிக்கொள்ள.

காட்டன் கர்ட்டன் குட்டையானதற்கு வருவோம். தைக்கும் முன்பே சுருக்கி எடுக்காத காட்டனும் லினனும் முதல் தண்ணீரிலேயே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கலாம். ஒன்பதடிக்கு மூன்று சதவீதம் என்றாலே மூன்று அங்குலம் போய்விடும். விஸ்கோஸ் (ரேயான்) கலந்திருந்தால் இதைவிட அதிகம், ஈரத்தில் நூலும் பலவீனமாகும். லைனிங் வேறு துணி என்றால் ஒன்று சுருங்கி மற்றது சுருங்காமல், முகப்பு அங்கங்கே உப்பி நிற்கும். கொடுக்கும் முன் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் டேப் வைத்து அளந்து பில்லில் எழுத வையுங்கள். என்ன துணி என்று தெரியாவிட்டால் உள்மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனை, சாம்பல் பொடியாக உதிர்ந்தால் காட்டன், லினன், விஸ்கோஸ் வகை. உருகிக் கறுப்பு மணியானால் பாலியெஸ்டர். முடி கருகிய நாற்றம் என்றால் பட்டு.

பிளாக்-அவுட்டின் பின்பக்கம் இருப்பது பெரும்பாலும் அக்ரிலிக் நுரைப்பூச்சு. பெர்க்குளோரோஎத்திலீன் (சுருக்கமாக பெர்க்) மாதிரி டிரைகிளீன் கரைப்பான் அதைக் கெடுக்கும், டிரையர் சூடு ஒட்டவைக்கும். லேபிளில் வட்டத்துக்கு மேல் குறுக்குக்கோடு இருந்தால் டிரைகிளீன் கூடாது என்று பொருள். வட்டத்துக்குள் ‘பி’ இருந்தால் பெர்க் சரி, ‘எஃப்’ என்றால் பெட்ரோலிய கரைப்பான் மட்டும், ‘டபிள்யூ’ என்றால் கடையில் தண்ணீரில் செய்யும் தொழில்முறை வெட் கிளீன். பிளாக்-அவுட்டுக்கு எளிய வழி: முகப்பில் வாக்கம், பூச்சுப் பக்கம் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி மைல்ட் சோப் லிக்விட் கலந்து பிழிந்த ஸ்பாஞ்சால் துடைப்பு, நிழலில் உலர்த்தல். பூச்சுப் பக்கம் பூச்சுப் பக்கத்தைத் தொடுமாறு மடித்து வைக்காதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று. பீச் ரோடு, வீராம்பட்டினம், தேவனாம்பட்டினம் பக்கம் கர்ட்டன் பிசுபிசுக்கிறதென்றால் பாதி காரணம் உப்பு. உப்பு கரைப்பானில் கரையாது. நேர்மையாக டிரைகிளீன் செய்து கொடுத்தாலும் உப்பு அப்படியே இருந்து ஈரத்தை இழுக்கும், பூஞ்சைப் புள்ளி திரும்ப வரும். கடலோர வீட்டுக்குத் தண்ணீரில் துவைக்கக்கூடிய பாலியெஸ்டர்தான் எங்கள் தேர்வு. ஃப்ரன்ட் லோடு மெஷினில் டிரம்மில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திணிக்காமல், 30 டிகிரி, 400 முதல் 600 சுற்று ஸ்பின், பிறகு லேசான ஈரத்தோடு அப்படியே ராடில் மாட்டிவிட்டால் தன் எடையிலேயே நேராகும். ராடு நுழையும் வளையமான ஐலெட்டில் காந்தம் ஒட்டுகிறதா என்று முன்பே பாருங்கள். ஒட்டினால் இரும்பு, துருக்கறை விடும். மேல்பட்டி விறைப்பாக நிற்க வைக்கும் பக்ரம் பசை வைத்து ஒட்டியதானால் வெந்நீரில் குமிழ் விடும். ஜன்னலில் வெயில் வாங்கிய பழைய லைனிங்கை இரண்டு கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் விடுகிற சத்தம் கேட்டால் எந்த மெஷினும் தாங்காது.

கடையில் எந்தத் தண்ணீர் என்றும் கேளுங்கள். உப்புப் போர் தண்ணீரில் கடைசி அலசல் நடந்தால் காய்ந்ததும் வெள்ளைக் கோடு வரும். தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவான டிடிஎஸ் 500-க்குள் இருந்தால் நல்லது. இரும்புச்சத்துத் தண்ணீரில் மஞ்சளான துணிக்குக் குளோரின் பிளீச் போட்டால் மஞ்சள் இன்னும் ஏறும்.

டிரைகிளீன் காசு வாங்கிவிட்டுத் தண்ணீரில் முக்கிக் கொடுக்கிறார்களோ என்று சந்தேகமா? பட்டாணி அளவு கல்கண்டைச் சின்னத் துணியில் முடிந்து லைனிங்கின் கீழ்மடிப்புக்குள் ஒரு தையல் போட்டு அனுப்புங்கள். கரைப்பானில் கல்கண்டு கரையாது. முடிச்சு காலியாகத் திரும்பினால் விஷயம் புரிந்துவிடும். எறும்பு மோப்பம் பிடிக்கும் முன்னால் அனுப்பிவிடுங்கள், அவ்வளவுதான்.

பில் தராததே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. துணி வகை, அளவு, என்ன முறை என்ற மூன்றும் பில்லில் இருக்கட்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மதிப்பு ஐந்து லட்சம் வரை புகாருக்குக் கட்டணமில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். "இன்னொரு தடவை ஃப்ரீயா போட்டுத் தர்றோம்" என்று வந்தால் கொடுத்துவிடாதீர்கள். அதே மெஷின் திரும்ப ஓடினால் கோடு இன்னும் மேலே ஏறலாம், உங்கள் கையில் இருந்த ஆதாரமும் போய்விடும்.