விஸ்பர்லைட் இன்டர்நேஷனல் ஸ்டவ்: ஆண்டீஸ் ட்ரெக்குக்கு சரிப்பட்டு வருமா?

பெருவுல வைவாஷ் மாதிரி கேம்ப் போட்டு நடக்குற ட்ரெக் ப்ளான் பண்றவங்க ஸ்டவ்வ அப்புறம் பாருங்க, போய் இறங்குற ஊர்ல எரிக்க என்ன கிடைக்குதுன்னு முதல்ல பாருங்க. ஸ்டவ்வ ஃப்ளைட்ல கொண்டு போயிடலாம், கேஸ் கேனிஸ்டர், அதாவது ஸ்டவ்வுல மாட்டுற குட்டி கேஸ் டப்பா, அத மட்டும் செக்-இன்லயும் விடமாட்டாங்க கைப்பையிலயும் விடமாட்டாங்க.

வைவாஷ் போறவங்க முதல்ல போய் இறங்குற வராஸ் டவுன்ல ட்ரெக்கிங் கடைங்கள்ல கேனிஸ்டர் கிடைக்கும், ஹார்டுவேர் கடைல பென்சினா பிளாங்கா கேட்டா ஒயிட் கேஸ் கிடைக்கும் (பேருதான் கேஸ், சுத்திகரிச்ச பெட்ரோல் மாதிரி திரவம்). மண்ணெண்ணெய் மட்டும் நம்பாதீங்க, கொக்கெய்ன் தயாரிக்க யூஸ் ஆகுதுன்னு 2009-லயே விற்பனைய தடை பண்ண உத்தரவு போட்டுட்டாங்க. நேபாளத்துல கதை வேற, அங்க மண்ணெண்ணெய் சகஜம். இப்படி நாட்டுக்கு நாடு மாறுறதாலதான் எம்.எஸ்.ஆர். கம்பெனியோட விஸ்பர்லைட் இன்டர்நேஷனல் ஸ்டவ் எனக்குப் புடிச்சது, ஒயிட் கேஸ், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூணும் எரியும், மண்ணெண்ணெய்னா கூடவே வர்ற இன்னொரு ஜெட்ட (எரிபொருள் வர்ற சின்ன ஓட்டை உள்ள பாகம்) மாத்திக்கணும் அவ்ளோதான். எடை 300 கிராம் சொச்சம், எரிபொருள் பாட்டில் தனி.

நம்ம வீட்ல அந்தக் காலத்து பம்ப் ஸ்டவ் பாத்தவங்களுக்கு இத சொல்லித்தரவே வேணாம், அதே பம்ப் அடிக்கிறது, அதே மாதிரி முதல்ல கொஞ்சம் எரியவிட்டு ட்யூப சூடாக்குறது. அடைச்சா ஸ்டவ் பின் தேட வேணாம், உள்ளயே ஊசி இருக்கு, ஆட்டினா போதும். மண்ணெண்ணெய்ல பத்த வச்சா கரி புடிக்கும், அதனால சூடாக்க மட்டும் ஸ்பிரிட் ஊத்துங்க. சிம்ல வைக்கிறதெல்லாம் இதுல கஷ்டம், தண்ணி கொதிக்க வைக்கத்தான் லாயக்கு. அதுவும் 4,300 மீட்டர்ல 86 டிகிரி கிட்டயே கொதிச்சிடும், அரிசி வேகுறதுக்குள்ள எரிபொருள் காலி, ரவை, அவல், நூடுல்ஸ்னு எடுத்துட்டுப் போங்க.

உயரத்துல கேனிஸ்டர் வேலை செய்யாதுன்னு நிறைய பேர் சொல்றாங்க, அது தப்பு. பிரச்சினை குளிர்தான். சாதா பியூட்டேன் 0 டிகிரிக்கு கீழ போனாலே ஆவியாகத் திணறும், ஐசோபியூட்டேனும் புரோபேனும் கலந்தத வாங்கினா சமாளிக்கலாம், சொல்லப்போனா மேல காத்தழுத்தம் கம்மிங்கறதால கேஸ் கொஞ்சம் சுலபமாவே வரும். ரெண்டு பேர், சின்ன ட்ரெக்னா கேனிஸ்டரே போதும், எதுக்கு இந்த பம்ப் வேலை. பெரிய குரூப், பல நாள் நடை, பனிய உருக்கித் தண்ணி எடுக்கணும்னா விஸ்பர்லைட்தான். பனி உருக்கலன்னா ஆளுக்கு ஒரு நாளைக்கு 120 மில்லி எரிபொருள்னு கணக்கு வைங்க, உருக்கணும்னா நல்லாவே கூட ஆகும்.

எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போறவங்க இத வாங்கவே வேணாம், வழி முழுக்க லாட்ஜ்ல சோறு கிடைக்குது.

திரும்பி வரும்போது பாட்டில சுத்தமா காலி பண்ணி, கழுவி, மூடிய தொறந்து காய வைங்க, பெட்ரோல் வாசம் இருந்தாலே ஏர்போர்ட்ல எடுத்துருவாங்க. யூஸ் பண்ண ஸ்டவ்வுக்கு ஏர்லைன் பர்மிஷனும் வேணும், முன்னாடியே மெயில் போட்டு பதில ப்ரிண்ட் எடுத்து வச்சுக்கோங்க.